இல்லை என்று வைத்துப் பார்த்தால்

எழுந்ததும் போர்வையை மடித்து சோபாவின் கைப்பிடிமேல் போடுவான். கதவைத் திறந்து பால் பாக்கெட்டை எடுப்பான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். பொங்கியதும் அணைப்பான். இரண்டு கோப்பைகளில் டீ ஊற்றுவான். ஒன்றில் சர்க்கரை போடுவான், மற்றதில் போடமாட்டான். பிறகு பல் தேய்ப்பான், குளிப்பான். இஸ்திரி போட்ட சட்டை இருந்தால் அதை மாட்டுவான், இல்லாவிட்டால் போடாததை. பழைய பால் பாக்கெட்டைக் கழுவி ஜன்னல் கம்பியில் மாட்டுவான்.

இதில் எந்த இடத்திலும் அவனுக்கு எதுவும் தோன்றுவதில்லை. பல் டாக்டரிடம் மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டு வந்தவனுடைய கன்னம் மாதிரிதான். கன்னம் இருப்பது விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. மனைவி போய் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆகிவிட்டன. அந்த மரப்பு இன்னும் விடவில்லை.

சர்க்கரை இல்லாத டீ அத்தைக்கு. அத்தை என்றால் அவன் மனைவியின் அம்மா. படுக்கையறையை அத்தைக்குக் கொடுத்துவிட்டு அவன் கூடத்தில் படுத்துக்கொள்கிறான். நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயுசு முழுக்க அடுத்தவர் வழக்கைத் தட்டச்சு செய்ததால், எதைப் படித்தாலும் யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள் என்றே படிப்பாள். ஒரு கையால் முழங்காலையும் மறுகையால் சுவரையும் பிடித்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வாய் டீ உள்ளே போனதும் கேட்பாள்.

"மாப்ள, இன்னைக்குக் கேள்வி எங்க?"

அவன் ஒரு தாளை நீட்டுவான். அதுதான் அவன் பிழைப்பு. நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் கேள்வி எழுதுகிறான். அதிலும் ஒரே வகைக் கேள்வி. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லி, ஆகவே என்று போட்டு ஒரு முடிவைச் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் அவர் வாயால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கும். அதை அவர் நம்பியே ஆகவேண்டும், அது இல்லாமல் அவர் பேச்சு நிற்காது. தேவையான அனுமானம் என்று அதற்குப் பெயர். கீழே இருக்கும் நாலு விடைகளில் அது எது என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வழி எளிது. ஒவ்வொரு விடையாக எடுத்து, இது இல்லை என்று வைத்துப் பார்க்க வேண்டும். எதை இல்லை என்று வைத்தால் மொத்தப் பேச்சும் தொபுக்கென்று விழுகிறதோ, அதுதான் விடை.

அத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். தெருமுனைக் கடையில் குடைகளை உள் அலமாரியிலிருந்து வாசலுக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் குடை விற்பனை கூடியது. ஆகவே, இடத்தை மாற்றியதால்தான் விற்பனை கூடியது.

"யாரு இந்தக் கடைக்காரன்? புத்தி இருக்கா அவனுக்கு? வாசல்ல குடைய வெச்சா, பஸ்ஸுக்கு ஓடுறவன் ஒண்ண உருவிக்கிட்டுப் போயிட மாட்டான்?"

"அத்தை, அது கேள்வி இல்ல."

"அதான் கேள்வியே. என் பதில் உ."

"உ கிடையாது அத்தை. ஈ-யோட முடிஞ்சிடுச்சு."

"நீங்க முடிச்சிட்டீங்க. நான் முடிக்கல. எழுதுங்க. உ, கடைக்காரனோட மச்சான் பக்கத்துலயே உக்காந்து காவல் காக்கிறான்."

அவன் எழுதிக்கொள்வதில்லை. ஆனால் மறுநாளும் தாளை நீட்டுவான். முன்பு இந்தத் தாளை வாங்கி விடை போட்டுப் பார்த்தவள் அவன் மனைவி. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பார்வை சோதிப்பது அவள் வேலை. நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டுக் கேட்டுப் பழகியவள் என்பதால், நாலு விடைகளையும் அதே வேகத்தில் தள்ளிவிட்டு, சரியானதைத் தொட்டு, "ரொம்ப ஈஸி, பசங்க சிரிப்பாங்க" என்று முகத்தைச் சுளிப்பாள். அத்தை இதுவரை ஒரு விடையைக்கூடச் சரியாகத் தொட்டதில்லை.

மனைவி போனது ஒரு காலையில். அவன் வேலைக்குக் கிளம்பும் நேரம். கூடத்தில், கதவுக்குப் பக்கத்தில் விழுந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. வீட்டில் அவன் ஒருவன்தான் இருந்தான். அவள் கடைசியாகப் பேசியது அவனிடம்தான்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அத்தையின் அக்கா உட்கார்ந்திருந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "பாவி மக, கடைசியா அவங்கம்மாவப் பத்தித்தான் சொல்லியிருப்பா. அம்மான்னா அவளுக்கு உயிராச்சே." பக்கத்தில் இருந்தவள் அடுத்த பெஞ்சுக்குச் சொன்னாள். மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தூணோரம் நின்றிருந்தான். அந்தப் பேச்சு பெஞ்சு பெஞ்சாகத் தாவி டீக்கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தபோது, நேரில் நின்று கேட்டது போல ஆகிவிட்டிருந்தது. அம்மாவப் பாத்துக்கோன்னு புருஷன்கிட்ட சொல்லிட்டுத்தான் கண்ண மூடியிருக்கா. தலையில் அடித்துக்கொண்டு எல்லோரும் அதைச் சொன்னார்கள். அவனிடம் யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை யார் போய்க் கேட்பார்கள்? அவனுக்கும் அப்போது வாயைத் திறப்பது என்பது வேறு யாரோ செய்ய வேண்டிய வேலையாகத் தெரிந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அத்தை மட்டும் கலையவில்லை. தன் வாடகை வீட்டைக் காலி செய்தாள். பெட்டியைக் கொண்டுவந்து படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எதிர் வீட்டு அம்மாள் ஏன் என்ன என்று மூக்கை நீட்டியபோது, "எம்பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா. மாப்ள என்னைப் பாத்துக்கணும்னு. அவ வார்த்தைய மீறி நான் எங்க போறது?" என்றாள். சமையலறையில் இருந்த அவனுக்கு அது கேட்டது. இந்த வீட்டில் இரண்டு கோப்பை டீ ஆவி பறப்பது அந்த ஒரு வாக்கியத்தால்தான் என்று அன்றைக்கு அவன் கணக்குப் போட்டுக்கொண்டான். அந்த வாக்கியம் பொய் என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

*

அலுவலகம் ஒரு செல்போன் கடைக்கு மேலே. நீளமான மேசை, அதில் பாதிக்குப் பழைய தாள்கள், ஒரு மின்விசிறி, அது சுற்றும்போதெல்லாம் தாள்களின்மேல் வைக்கக் கூழாங்கற்கள். கேள்வியை ஒருவர் எழுதினால் இன்னொருவர் விடையைப் பார்க்காமல் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பவருக்கு இல்லைசார் என்று பெயர். காலை வணக்கம் சொன்னாலும் "இல்ல" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் பெற்றோர் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

"இல்ல தம்பி, இந்தக் குடை ஒத்துவரல" என்றார்.

"ஏன் சார்? ஆ-தான் விடை. அந்த மாசம் மழை அதிகமாப் பெய்யல."

"அதை இல்லைன்னு வெச்சுப் பாருங்க. மழை அதிகமாப் பெஞ்சுது. சரி. அப்பவும் வாசல்ல வெச்சதால வித்திருக்கலாமே? மழை பாட்டுக்குப் பெஞ்சுது, குடை பாட்டுக்கு வித்துது. பேச்சு நொண்டுது, ஒத்துக்கறேன். விழலையே?"

அவன் தாளைப் பார்த்தான். விழவில்லைதான்.

"கூடினதுக்கு மழை மட்டுமே காரணம் இல்லைன்னு மாத்துங்க. அதை இல்லைன்னு வெச்சா, மழை மட்டுந்தான் காரணம்னு ஆகும். அப்ப கடைக்காரர் வாயத் திறக்க முடியாது." அவர் பேனாவை மூடினார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. இப்பல்லாம் உங்க விடை எல்லாமே ஒரே தினுசாத் தப்பாகுது. ஒரு கால உருவினா மேசையே சாஞ்சிடும்னு நினைக்கிறீங்க. முன்னாடி இப்படி எழுத மாட்டீங்க."

"முன்னாடி வீட்ல பாத்துத் தருவாங்க சார்."

இல்லைசார் இல்லை என்று சொல்லவில்லை. கூழாங்கல்லை எடுத்து வேறொரு தாளின்மேல் வைத்தார்.

மத்தியானம் மச்சான் போன் செய்தான். மனைவியின் அண்ணன். வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக். பேச ஆரம்பித்தால் யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு காத்திருப்பது போலப் பேசுவான்.

"மாப்ள, அம்மாவோட முட்டி எக்ஸ்ரேவ இங்க டாக்டர்கிட்ட காட்டினேன். மாடிப்படியே கூடாதுங்கறாரு. நீங்க மூணாவது மாடில இருக்கீங்க. ஊருல இருக்கிற கிழவனையெல்லாம் நான் மேல ஏத்தி இறக்கிட்டிருக்கேன், எங்கம்மா படியேறிச் சாகுறாங்க. என் வீடு தரையோட தரையா இருக்கு. ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வரேன். கூட்டிட்டுப் போயிடறேன். சரிதானே?"

"சரி மச்சான்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லைதான். மச்சான் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. அத்தை இல்லை என்று வைத்துப் பார்த்தான். பால் பொங்கும். அணைக்கலாம். ஒரு கோப்பை குறையும், கழுவுகிற வேலை மிச்சம். கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். எதுவும் விழுகிற மாதிரி இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாவியைத் துளையில் விட்டான். திரும்பவில்லை. மறுபடி அழுத்தித் திருப்பினான். உள்ளேயிருந்து ஒரு குழந்தை "யாரு?" என்றது. அண்ணாந்து பார்த்தான். அது நாலாவது மாடி. தன் வீட்டைத் தாண்டி ஒரு மாடி ஏறி வந்திருந்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். வேனை எதிர் வீட்டு வாசலை மறைத்து நிறுத்திவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாண்டி மேலே வந்து, அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்து, "பூரி மாதிரி வீங்கியிருக்கு" என்றான். அத்தை காலை இழுத்துக்கொண்டாள்.

"வர்றது போறது இருக்கட்டும். முதல்ல சாப்பிடு" என்றாள்.

"பெட்டி கட்டிட்டியா?"

"முட்டை வேகுது. பாத்துட்டு வரேன்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றது. மச்சான் அவன் முழங்கையைப் பிடித்து வெளியே படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றார்கள். மச்சான் வழக்கமாக மேலே கீழே பார்க்கிறவன், அன்று சுவரைப் பார்த்தான்.

"மாப்ள, ஒரு உதவி. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க மச்சான்."

"ஒரு பொய் சொல்லணும்."

"யாருகிட்ட?"

"அம்மாகிட்ட. தங்கச்சி சொல்லிட்டுப் போனது இருக்குல்ல, அம்மாவப் பாத்துக்கோன்னு. அவ அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொல்லிடுங்க. ஆஸ்பத்திரி களேபரத்துல ஜனங்களா கட்டிவிட்டதுன்னு சொல்லுங்க. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் எங்கம்மா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. அந்தப் புடி விட்டுப் போச்சுன்னா, தானா கிளம்பிடுவாங்க. பாவம் புண்ணியம்லாம் என் கணக்குல எழுதிக்கங்க. நீங்க வாயத் திறந்து ஒரு வரி சொன்னாப் போதும்."

"அது பொய் இல்ல மச்சான்."

"என்னது?"

"அவ அப்படிச் சொல்லல."

கீழே யாரோ சைக்கிளைப் படிக்கட்டில் ஏற்றும் சத்தம் கேட்டது. அது நின்றதும் மச்சான் படியில் உட்கார்ந்தான்.

"சொல்லலியா?"

"இல்ல."

"நீங்க யாருகிட்டயும் சொல்லலியே இதை?"

"யாரும் கேக்கல."

மச்சான் பேன்ட் முழங்காலில் இருந்த கிரீஸ் கறையைச் சுரண்டினான். "அம்மாவப் பத்தி ஒண்ணுமே சொல்லல?"

"இல்ல மச்சான்."

"என்னப் பத்தி?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"சும்மா கேட்டேன். நான் என்ன, மாசத்துக்கு ஒரு தடவ போன் பண்றவன். என்னப் பத்தி எதுக்குச் சொல்லப்போறா." எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டான். "சரி. அப்ப நீங்க அம்மாகிட்ட சொல்ல வேணாம்."

"இப்பத்தானே சொல்லச் சொன்னீங்க?"

"அப்ப அது பொய்யா இருந்துச்சு மாப்ள. பொய்யின்னா, அழுதாங்கன்னா, இல்லம்மா சும்மா சொன்னோம்னு சமாளிச்சிடலாம். இது நிஜமால்ல இருக்கு. இதை என்ன பண்ணிச் சமாளிக்கிறது?"

இரண்டு பேரும் மேலே ஏறினார்கள்.

*

அத்தை மேசையில் உட்கார்ந்து வெந்த முட்டையை உருட்டி உருட்டி ஓட்டை நொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று தட்டு வைத்திருந்தாள்.

"படியில நின்னு என்ன குசுகுசுப்பு? என்னத் தூக்கிட்டுப் போக ஆள் ஏற்பாடா?"

"ஒண்ணும் இல்லம்மா. சாப்பிடலாம்."

"ஒண்ணும் இல்லாததுக்கா உன் மூஞ்சி அப்படித் தொங்குது?" முட்டையை மகன் தட்டில் வைத்தாள். "இங்க பாரு. வண்டி எடுத்துட்டு வந்திருக்க, பெட்ரோல் செலவு பண்ணியிருக்க, எல்லாம் தெரியுது. ஆனா நான் வரல. உந்தங்கச்சி சாகறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா. அதைத் தள்ளிட்டு வர என்னால முடியாது. வேணும்னா மாப்ளகிட்டயே கேளு." அவன் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க மாப்ள. சொன்னாளா இல்லியா?"

இவ்வளவு நாளில் யாரும் கேட்காத கேள்வி. அதுவும் அவளே கேட்டாள். மச்சான் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தான்.

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். எல்லாம் இருந்தபடி இருக்கும். வேன் காலியாகத் திரும்பும். நாளைக் காலையில் இரண்டு கோப்பை. அந்த இரண்டாவது கோப்பை தனக்கு வேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கன்னத்தில் எங்கோ ஒரு மூலையில் மரப்பு விட்டு, ஒரு சின்ன இடம் மட்டும் வலிப்பது போல.

"சொல்லல அத்தை" என்றான்.

அத்தையின் கையில் இரண்டாவது முட்டை. அதை உருட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

"என்ன சொல்லல?"

"உங்களப் பத்தி எதுவும் சொல்லல. ஆஸ்பத்திரில பெரியம்மா, சொல்லியிருப்பான்னாங்க. அப்புறம் எல்லாரும் சொன்னதாவே பேசிக்கிட்டாங்க. நான் தடுக்கல."

ஓடு முழுக்க நொறுங்கிவிட்டது. உரிப்பதற்குப் பதிலாக இன்னும் உருட்டினாள். பிறகு முட்டையை மேசையிலேயே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்து எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டுப் படுக்கையறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் தரையைக் கீறிக்கொண்டு வந்தது.

"நான் வேணாம்னு சொன்னேன்ல" என்றான் மச்சான், வாய்க்குள்.

அவன் எல்லாம் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதுதான் விடை என்று அவனுக்கு முன்பே தெரியும். இந்த வாக்கியத்தை உருவினால் இந்த வீடு இப்படித்தான் ஆகும் என்று ஒரு நாளும் அவன் சந்தேகப்பட்டதில்லை.

அத்தை பெட்டியை அறை வாசல்படி வரைக்கும் இழுத்துவந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"டேய், நெட்டக்கொக்கு. வா இங்க."

மச்சான் ஓடிப்போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். "நான் எடுத்துக்கறேம்மா. வேன்ல பின்னாடி இடம் இருக்கு."

"வேனுக்கு யார் எடுத்துட்டுப் போகச் சொன்னா? அலமாரிக்கு மேல வை. கட்டிலுக்கு அடியில வெச்சா ஒவ்வொரு பொடவைக்கும் குனிய வேண்டியிருக்கு. முட்டி உயிர் போகுது. ரொம்ப நாளா யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன். மாப்ள உயரம் பத்தாது."

மச்சான் பெட்டியோடு நின்றான். "நீ வரலியா?"

"அதான் அப்பவே சொன்னேனே."

"அவ சொல்லலியாமே அம்மா!"

"கேட்டேன். எனக்குக் காது நல்லா இருக்கு, முட்டிதான் சரியில்ல."

"அவ சொன்னதாலதானே நீ இங்க இருந்தே?"

அத்தை திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நொறுங்கிய முட்டையை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். ஓடு சின்னச் சின்னத் துணுக்காக வந்தது.

"அது எதிர் வீட்டுக்காரிக்குச் சொல்ற பதில்டா. பொண்ணே போனப்புறம் மாப்ள வீட்ல உனக்கென்ன வேலைன்னு நாலு பேரு கேட்டா, எனக்கு இங்க புடிச்சிருக்குன்னு சொல்ல முடியுமா? சிரிக்க மாட்டாங்க? செத்தவ பேரைச் சொன்னா ஒருத்தியும் மேல பேச மாட்டா. நம்பலைன்னு சொல்லல. நம்பினேன். ஆனா அதுக்காக மட்டும் மூணு மாடி ஏற நான் என்ன பைத்தியமா?"

"எங்க வீட்ல உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. அதான் குறை. உன் பொண்டாட்டி என்னை நல்லா வெச்சுப்பா. டீய எடுத்துட்டு வந்து கையில குடுப்பா. குடிச்சதும் கோப்பைய வாங்கிட்டுப் போயிடுவா. அப்புறம் நான் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். இங்க காலைல எழுந்தா ஒரு கேள்வி இருக்கு. முட்டாத்தனமான கேள்விதான், இருந்தாலும் கேள்வி. இவரத் திட்டுறதுக்கும் இந்த வீட்ல ஒரு ஆள் வேணும். எதிர்த்துப் பேசறதே இல்ல மனுஷன், இவரோட சண்டை போட எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கு தெரியுமா?"

அவன் மேசையைப் பார்த்தான். இல்லை என்று வைத்துப் பார்த்தாகிவிட்டது. விழவில்லை. நொண்டக்கூட இல்லை. இதை எந்த விடையாகவும் அவன் எழுதி வைத்திருக்கவில்லை.

"முட்டிக்கு என்னம்மா பண்றது?" மச்சான் பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. "டாக்டர் படியே கூடாதுன்னாரு."

"நீ லிஃப்ட்காரன்தானே. இங்க ஒண்ண மாட்டு."

"கீழ தரையோட இருக்கிற வீடு காலியாகுது" என்றான் அவன்.

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். கேட்காமல் அவன் ஒரு வார்த்தை பேசி வெகு காலம் ஆகியிருந்தது.

"டெய்லர் வீடு. அவரு கடைக்குப் பக்கத்துலயே போறாராம். இதைவிடச் சின்னது. நான் ஓனர்கிட்ட கேக்கறேன். நாளைக்கே கேக்கறேன்."

"வெயில் வருமா அங்க?" என்றாள் அத்தை.

"சமையலறையில வரும்."

"பாக்கலாம்" என்றாள். இந்த முறை அது நீதிமன்றப் பாக்கலாம் இல்லை என்று மச்சானுக்கும் தெரிந்திருக்க வேண்டும். போய்ப் பெட்டியை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டு வந்தான். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு தன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். மூன்று பேரும் கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள். கீழே எதிர் வீட்டுக்காரர் வேனைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். மச்சான் அசையவில்லை.

அத்தை முட்டையைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் தட்டில் வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த ஓட்டை ஒவ்வொன்றாகத் தட்டின் விளிம்பில் தேய்த்து எடுத்தாள்.

"ஆனா சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். குரல் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. "பொய்யாவே இருந்தாலும் இத்தனை நாள் வெச்சிருந்தேன்ல."

அவன் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் குடிக்கவில்லை.

"அப்ப என்னதான் சொன்னா?"

"சாதாரணமா ஒண்ணுதான் அத்தை. சொல்ற மாதிரி எதுவும் இல்ல."

"எம்பொண்ணு கடைசியா பேசினது. சாதாரணமோ இல்லியோ, எனக்குத் தெரியணும்."

மச்சானும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் அதை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. மனதுக்குள் மட்டும் பலமுறை இல்லை என்று வைத்துப் பார்த்திருக்கிறான். அவள் அதைச் சொல்லவில்லை என்று வைத்தால், அவன் திரும்பி உள்ளே போயிருக்க மாட்டான். விழும்போது வாசலில் அவள் பக்கத்தில் இருந்திருப்பான். தாங்கிப் பிடித்திருப்பான். பிடித்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அதற்குமேல் அந்தக் கேள்வி நகர்ந்ததில்லை.

"நான் கிளம்பிட்டேன் அத்தை. கதவத் திறந்துட்டேன். அவ பின்னாடியே வந்தா. கதவுகிட்ட நின்னு என்னப் பாத்தா. பாத்துட்டுச் சிரிச்சா. சிரிச்சுட்டு ஒண்ணு சொன்னா. சரின்னு நான் வாஷ்பேசினுக்குப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள விழுந்துட்டா. அவ்வளவுதான்."

"என்ன சொன்னா?"

"காதுக்குப் பின்னால சோப்பு நுரை இருக்கு, தொடச்சிட்டுப் போ."